அச்சே அசல்

தங்கசாலைப் பக்கம் படங்களுக்கு பிரேம் போடும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பழைய முகப்படம் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ஒரு அம்மா வந்திருப்பார். பரணில் கிடந்தது, மாமனார் காலத்துப் படம். "அண்ணே, இது கையால வரைஞ்சதா, பிரிண்ட்டா?" கடைக்காரர் காகிதத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். "பிரிண்ட்டுதாம்மா." அந்த ஒரு சொல்லில் படத்தின் மதிப்பு பாதியாக இறங்கிவிடும். பிரிண்ட்தானே, ஓரம் பழுப்பேறிக் கிடக்கிறது, வெட்டிவிடலாம். பிரிண்ட்தானே, சுருங்கியிருக்கிறது, அட்டையில் ஒட்டிவிடலாம். கேட்டவர் மீதும் தப்பில்லை, சொன்னவர் மீதும் தப்பில்லை. கேள்வியில்தான் கோளாறு. அந்தப் படம் கல்லச்சில், அதாவது கல்மேல் வரைந்து காகிதத்தில் எடுக்கும் லித்தோகிராஃப் முறையில் வந்ததாக இருந்தால், அது கையால் வரைந்ததும்தான், அச்சானதும்தான்.

பேரன் தாத்தாவை உரித்து வைத்ததுபோல் இருந்தால் 'அச்சு அசல்' என்கிறோம். இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசிப் பழகிய நமக்கு, படம் என்று வந்தவுடன் மட்டும் அச்சு ஒரு பக்கம், அசல் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுகிறது. கல்லச்சில் அந்தப் பிரிவே கிடையாது. ஓவியர் கல்மேல் நேராக வரைகிறார். கல்லில் இருக்கும் முகம் இடவலம் மாறியது. பார்வைக்கு வைப்பதற்காக வரைந்ததும் இல்லை. தேவையான பிரதிகள் எடுத்து முடித்ததும் அதை அரைத்து அழித்துவிடுவார்கள். மிஞ்சுவது காகிதத்தில் இருக்கும் முகங்கள் மட்டுமே. முப்பது பிரதி இழுத்தால் முப்பதும் அசல். எண்ணெய் ஓவியத்தையோ புகைப்படத்தையோ பார்த்து இன்னொரு கைகாரர் கல்லில் வரைந்த படங்களும் ஏராளம் உண்டு. அங்கேகூட கன்னத்தின் நிழலை எங்கே நிறுத்துவது, மீசையை எத்தனை இழையில் முடிப்பது என்று முடிவு செய்தது கல்லின் முன்னால் உட்கார்ந்தவரின் கைதான்.

சரி, அப்படியானால் அந்தக் கையை எங்கே பார்ப்பது? ஆள் ஜாடை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாது. என் கருத்தில், கல்லச்சு முகத்தின் உயிர் கண்ணிலும் இல்லை, உதட்டிலும் இல்லை. கறுப்பும் இல்லாமல் வெளுப்பும் இல்லாமல் நடுவில் கிடக்கும் கன்னத்துச் சாம்பலில் இருக்கிறது. அதை எப்படி உண்டாக்குகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பார்க்கும் விதமே மாறிவிடும்.

எதையும் செதுக்காத அச்சு

கல்லச்சு என்றவுடன் கல்லில் உளி வைத்துச் செதுக்குவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். கல்வெட்டுப் படியெடுத்த நாட்டில் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் இதில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கல்லின் முகம் ஒரே மட்டம். மண்ணடியிலும் ராயபுரத்திலும் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிளேட்டில் இங்க் நிற்கும் இடமும் தண்ணி நிற்கும் இடமும் ஒரே மட்டத்தில்தானே இருக்கின்றன? அதே வேதியியல்தான், அவர்கள் கையில் இருப்பது இதன் பேரப்பிள்ளை. எண்ணெய்ப் பசை உள்ள இடம் மையைப் பிடிக்கும், ஈரம் உள்ள இடம் மையைத் தள்ளும்.

மியூனிக்கில் அலாய்ஸ் ஜெனஃபெல்டர் இதைக் கண்டடைந்தது 1796க்கும் 1798க்கும் இடையில். அம்மா சலவைக்குப் போடும் துணிகளின் கணக்கைக் கையில் காகிதம் இல்லாததால் கல்மேல் எழுதியதிலிருந்து இது தொடங்கியதாக அவரே பதிவு செய்திருக்கிறார். வண்ணாரப்பேட்டைக்காரர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி. அவர் பயன்படுத்தியது பவேரியாவின் ஜோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக்கல். நம் வீட்டு அடுப்பங்கரை மேடைக்குப் போடும் கடப்பாக் கல்லும் சுண்ணாம்புக்கல் இனம்தான். ஆனால் ஜோல்ன்ஹோஃபென் கல்லில் கால்சியம் கார்பனேட் ஏறக்குறைய முழுமையாக இருக்கும், துகள் மாவுபோல் ஒரே சீராக இருக்கும். எவ்வளவு சீர் என்றால், 1861ல் அந்தப் பாறைகளில் கிடைத்த ஆதிப் பறவையின் இறகு ஒவ்வோர் இழையும் தெரியப் பதிந்திருந்தது. அந்தப் பறவைக்கு வைத்த பெயரிலேயே கல்லச்சு இருக்கிறது: ஆர்க்கியாப்டெரிக்ஸ் லித்தோகிராஃபிகா. இறகின் இழையைக் காத்து வைத்த கல், புருவத்தின் இழையையும் காத்து வைக்கிறது.

கல்லில் வரையும் கிரேயானில் மெழுகு, கொழுப்பு, சோப்பு, அரக்கு, புகைக்கரி எல்லாம் இருக்கும். அதிலுள்ள கொழுப்பு அமிலம் கல்லின் சுண்ணாம்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு சோப்பாக மாறிக் கல்லிலேயே தங்கிவிடுகிறது. பிறகு வேலம்பிசின் கரைசலில் சில துளி நைட்ரிக் அமிலம் கலந்து தடவினால், வரையாத இடங்களில் பிசின் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும். தத்துவம் இவ்வளவே. இதைக்கொண்டு ஒரு மனித முகத்தை எழுப்புவதுதான் பாடு.

கல்லை அரைப்பது

முகம் நன்றாக வருமா வராதா என்பதில் பாதி, ஓவியர் கிரேயானைத் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. 50க்கு 65 செ.மீ. அளவில் 8 செ.மீ. கனமுள்ள கல் ஒன்று ஏறத்தாழ 65 கிலோ எடை இருக்கும். அதன்மேல் தண்ணீர் தெளித்து, கார்போரண்டம் தூளைத் தூவி, கைப்பிடி வைத்த கனமான இரும்புத் தட்டை எட்டுப் போடுவதுபோல் சுழற்றி அரைக்க வேண்டும். முதலில் 80ஆம் எண் தூள், பழைய படத்தை அழிப்பதற்கு. அடுத்து 120 அல்லது 150. முகப்படத்துக்கு என்றால் கடைசியில் 180 அல்லது 220. ஒவ்வோர் எண்ணிலும் இரண்டு மூன்று முறை புதுத் தூள் போட்டு அரைத்து, கல்லையும் தட்டையும் மேசையையும் கைகளையும் கழுவிவிட்டுத்தான் அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். இந்தக் கழுவலில் சோம்பல் பட்டால் தண்டனை உடனே தெரியாது. 80ஆம் எண் தூளில் ஒரே ஒரு துகள் தொட்டி ஓரத்தில் தங்கி, 220 போட்டு அரைக்கும்போது உள்ளே வந்துவிட்டால், தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் விழும். ஈரக் கல்லில் கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் கன்னத்தில் கிரேயான் ஓட்டும்போது, அந்த இடத்தைத் தாண்டித் தாண்டிப் போய் வெள்ளைக் கோடாக எழுந்து நிற்கும்.

அரைப்பது கல்லை மழமழப்பாக்குவதற்கு இல்லை. சீரான சொரசொரப்பை உண்டாக்குவதற்கு. அச்சுக்காரர்கள் இதை கிரெயின் என்பார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் கல் முகம் முழுக்க ஊசிமுனை அளவு மேடுகள் நெருக்கமாக நிற்கும். கிரேயான் மேலோட்டமாகப் போனால் மேட்டின் உச்சியில் மட்டும் கொழுப்பு ஒட்டும். இடையில் உள்ள பள்ளங்கள் வெள்ளையாகவே இருக்கும். அது இளஞ்சாம்பல். இன்னொரு முறை போனால் உச்சிகள் அகலமாகும். அது நடுச்சாம்பல். அழுத்தினால் பள்ளமும் நிரம்பிக் கறுப்பாகிவிடும். ஆக, கல்லச்சில் சாம்பல் நிற மை என்று ஒன்று தேவையில்லை. இருப்பது ஒரே கறுப்பு மைதான். கன்னத்தில் நீங்கள் பார்க்கும் மென்மை அத்தனையும், எத்தனை மேடு கொழுப்பைப் பிடித்தது, எத்தனை பள்ளம் தப்பித்தது என்ற கணக்கு.

இதனால்தான் முகப்படக் கல்லுக்கு எந்த எண்ணில் அரைப்பது என்பது ரசனை சார்ந்த முடிவாகவும் ஆகிறது. மிகப் பொடியாக அரைத்த கல்லில் வரைந்தால் தோல் பட்டுபோல வரும். ஆனால் பள்ளங்கள் ஆழமில்லாததால் சீக்கிரமே மை அடைத்துக்கொண்டு கன்னம் அப்பிவிடும். 120லேயே நிறுத்தினால் கல் கூடுதல் பிரதி தாங்கும், முகம் அம்மை போட்டதுபோல் தெரியும். பெரிய முகத்துக்குச் சற்று முரடான கல்லும், உள்ளங்கை அளவு முகத்துக்குப் பொடிக் கல்லும் என்பது நடைமுறை. கல்லின் நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. நீலச்சாம்பல் கல் இறுகியது, மெல்லிய நிழலை விட்டுக்கொடுக்காது. மஞ்சள் கல் மிருது, சீக்கிரம் களைத்துவிடும்.

முகம் ஏறும் விதம்

முதலில் ஓவியத்தின் வெளிக்கோட்டைக் கல்லுக்கு மாற்ற வேண்டும். கொழுப்பில்லாத எதுவும் இதற்கு உதவும். காலங்காலமாக உதவுவது காவிப்பொடி. மெல்லிய காகிதத்தில் தேய்த்து, அதை கார்பன் தாள்போல வைத்து, இடவலம் திருப்பிய கோட்டின்மேல் பென்சிலை ஓட்டினால் காவிக் கோடு கல்லில் இறங்கும். அச்சில் வராது. இந்த இடவலம் மாற்றுவதில் கவனம் தப்பினால் படத்தில் சேலை முந்தானை வலது தோளில் விழும், மூக்குத்தி பக்கம் மாறும், சட்டை பொத்தான்கள் பெண்கள் சட்டைபோல் ஆகும், கன்னத்து மச்சம் அடுத்த கன்னத்துக்குப் போய்விடும். பொருட்களைவிட மோசம், முகத்தின் சாய்வு. மனித முகம் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு புருவம் தூக்கியிருக்கும், உதடு ஒரு பக்கம் இழுத்திருக்கும். அது மாறிவிட்டால் எல்லா அளவும் சரியாக இருந்தும் வீட்டுக்காரர்கள் "அவர் மாதிரி இருக்காரு, ஆனா அவர் இல்ல" என்பார்கள். கைதேர்ந்தவர்கள் பக்கத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, அசல் படத்தைக் கண்ணாடியில் பார்த்தே வரைவார்கள்.

கிரேயான்களுக்கு எண் உண்டு. கார்ன் என்ற கம்பெனியின் கிரேயானில் 00 மிக மிருது, 5 மிகக் கடினம். முகத்தை 5இலும் 4இலும் தொடங்க வேண்டும். கூராகச் சீவி, கையின் கனம் விழாமல், ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் மெல்லிய ஓட்டங்கள். ஒரு கன்னத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆவது சாதாரணம். சீக்கிரம் முடிக்க நினைத்து 2ஆம் எண்ணை எடுத்து ஒரே அழுத்தில் அந்தச் சாம்பலைக் கொண்டுவரலாம். கல்லில் பார்க்க இரண்டும் ஒன்றாகவே தெரியும். அச்சில் அப்படித் தெரியாது. பொறுமையாக அடுக்கிய சாம்பலில் மேடுகள் தனித்தனியாக நிற்கும், வெளிச்சம் உள்ளே புகுந்து வரும். அழுத்தி வாங்கிய சாம்பல் அடைத்துக்கொண்டு அழுக்குபோல் படியும். முடிக்கும் மீசைக்கும் 1, 2 எண்கள். அடர் கறுப்பு வேண்டிய கண்மணிக்கு, அதே சரக்கைத் தண்ணீரில் கரைத்த டூஷ் மையைத் தூரிகையால் வைப்பார்கள்.

சென்னைப் பருவநிலை இதற்கு ஒத்தாசை செய்வதில்லை. சித்திரை வெயிலில் மிருதுவான கிரேயான் விரல் சூட்டிலேயே இளகி, மேட்டோடு பள்ளத்தையும் நிரப்பிவிடும். மற்ற ஊரில் 3 போடும் இடத்தில் இங்கே 4 போட வேண்டும். வியர்வை அதைவிடப் பெரிய எதிரி. கையைக் கல்லில் ஊன்றினால் தோலின் எண்ணெய் கொழுப்பாகப் பதிந்து, அச்சில் நெற்றியின்மேல் ஒரு உள்ளங்கை ரேகை எழும்; அதனால் கல்லுக்குக் குறுக்கே பலகைப் பாலம் போட்டு அதில்தான் கையை வைக்க வேண்டும். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் சோப்பு கலந்த கிரேயான் அந்த இடத்தில் கரைந்து வட்டமாகக் கறை கட்டிவிடும். துடைத்தால் இன்னும் பரவும். தானாக உலர விட்டு, பிறகு ஊசியால் புள்ளி புள்ளியாக எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வரைவதற்குப் பொடுகும் ஒரு காரணம். பொடுகிலும் கொழுப்பு உண்டு. ஒவ்வொரு துகளும் ஒரு கரும்புள்ளி.

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தைச் சொல்ல வேண்டும். வெளுத்த தோலை வரைவதற்கு எழுந்த முறையில், நெற்றியும் மூக்கும் கன்னமும் காகித வெள்ளையாகவே விடப்பட்டு, நிழல் மட்டும் கல்லில் ஏறும். நம் முகங்கள் அப்படி இல்லை. காசிமேட்டுக் கடற்கரையில் வலை பிரிக்கும் ஒருவரின் முகத்தை வரைய வேண்டுமானால், முகம் முழுவதும் நடுச்சாம்பலிலிருந்து தொடங்குகிறது. நிழல் அதற்கும் கீழே போக வேண்டும். நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் பளபளப்பு அதற்கும் மேலே வர வேண்டும். அதாவது கல்லச்சுக்கு எந்தச் சாம்பல் மிகச் சிறப்பாக வருமோ, எந்தச் சாம்பல் முதலில் அடைத்துக்கொண்டு கெட்டுப்போகுமோ, அதே சாம்பலில் முழு முகமும் இருக்கிறது. கறுத்த தோலைக் கல்லச்சில் பளபளக்க வைப்பதுபோல் அழகான வேலை இந்தக் கலையில் வேறில்லை. ஆனால் தெருமுனைக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களையும் பிளக்ஸ்களையும் பாருங்கள்: முகத்தை வெளுக்க வைக்க வைக்க நடுச்சாம்பல் அத்தனையும் ஓடிப்போய், கன்னம் எங்கே முடிகிறது, மூக்கு எங்கே தொடங்குகிறது என்றே தெரிவதில்லை. இறந்தவர் மீதுள்ள அன்பினால் செய்வதுதான். அந்த அன்பில் அவர் முகம்தான் காணாமல் போகிறது.

பழைய அச்சுக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இரண்டாவது கல். முதல் கல்லில் கறுப்பில் முகம். இரண்டாவது கல்லில் மெல்லிய மண் நிறம் படம் முழுக்கத் தட்டையாக. அந்த இரண்டாவது கல்லில் பளபளப்பு வேண்டிய இடத்தை மட்டும் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டால், அங்கே காகித வெள்ளை மின்னும். ஆங்கிலேய ஓவியர் எமிலி ஈடனின் இந்திய முகப்பட வரிசையை 1844ல் லோஸ் டிக்கின்சன் கல்லில் வரைந்தார். அந்தக் காலத்து முகப்படத் தொகுப்புகளைப் பார்க்கும்போது தலைப்பாகையின் முத்துக்களை மட்டும் பார்க்காமல், முகத்துக்கு அடியில் இந்த மண் நிறம் எங்கே நின்றிருக்கிறது, எங்கே விலகியிருக்கிறது என்று பாருங்கள்.

முகம் மறையும் நேரம்

கல்லச்சில் ஒரு கட்டம் உண்டு, அதைத் தாண்டாமல் முகம் முகமாகாது. வரைந்து முடித்தாயிற்று. கல்மேல் ரெசின் தூளையும் டால்கம் தூளையும் மெதுவாகத் தடவித் தட்டிவிட வேண்டும். இவை கிரேயானை அமிலத்திலிருந்து காக்கும். அடுத்து பிசினும் அமிலமும். 30 மில்லி பிசின் கரைசலுக்கு எத்தனை துளி நைட்ரிக் அமிலம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நெற்றி, கன்னம் போன்ற மெல்லிய இடங்களுக்கு 5 துளிக்குள், சில வேளை அமிலமே இல்லாத வெறும் பிசின். உடைக்கும் முடிக்கும் 10 முதல் 15 துளி. கல்லுக்குக் கல், படத்துக்குப் படம் இது மாறும். அதனால் முதலில் கல்லின் ஓரத்தில், படம் இல்லாத இடத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். சில நொடி கழித்துப் பொடி நுரை மெதுவாக எழுந்தால் சரி. விட்டவுடனே பொங்கினால் கடுமை.

முகப்படத்தில் ஒரே கலவையைக் கல் முழுக்க ஊற்றவே கூடாது. மூன்று கிண்ணத்தில் மூன்று கடுமை, மூன்று தூரிகை. முதலில் கல் முழுவதும் வெறும் பிசின். பிறகு முடிமேல் கடுமையானது, கழுத்து நிழலில் நடுத்தரம், கன்னத்தில் இலேசானது, ஒன்று மற்றொன்றோடு கலக்காதபடி தூரிகையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கன்னத்தில் கடுமை கூடிவிட்டால் அங்கிருந்த மெல்லிய மேடுகள் எரிந்துபோகும். அச்சில் கன்னம் வழுக்கையாக வரும், திரும்பக் கொண்டுவர முடியாது. முடியில் கடுமை குறைந்தால் பத்தாவது பிரதியிலேயே இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, தலைமேல் தார் ஊற்றியதுபோல் ஆகும். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற நெருக்கடி வந்தால், கன்னத்தைக் காப்பாற்றுகிறவரே முகப்படக்காரர். அடைத்த முடியை ஊசியால் கீறித் திறக்க வழி உண்டு.

பிசினை மெல்லிய துணியால் இழுத்துப் படலமாக்கி உலர விட்டு, ஒரு இரவு கல்லை அப்படியே வைக்கிறார்கள். மறுநாள் காலையில் டர்பன்டைன் ஊற்றித் துடைக்கிறார்கள். நாள் கணக்கில் உட்கார்ந்து அடுக்கிய கறுப்பு முழுவதும் கரைந்து துணியோடு போய்விடும். புருவம் போகும், கண்மணி போகும், மீசை போகும். கல்லைச் சாய்த்துப் பார்த்தால் ஏதோ ஈரத் தடம்போல் ஒரு சாயை மட்டும் தெரியும். முதல்முறை பார்க்கிறவருக்கு வயிற்றைப் பிசையும் காட்சி. ஆனால் போனது நிறம்தான். கொழுப்பு கல்லுக்குள் இறங்கி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன்மேல் தார்க்குழம்பைத் தேய்த்து, தண்ணீரால் பிசினைக் கழுவி, ஸ்பான்ஜில் ஈரம் கொடுத்து, மை தடவிய தோல் ரோலரை உருட்டுகிறார்கள். முதல் உருட்டலில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் முடியின் விளிம்பு. நான்காவது ஐந்தாவதில் கண்கள். கன்னம் கடைசியில்தான் வரும், மெல்லிய கொழுப்புக்கு மை பிடிக்க நேரம் எடுக்கும். ஓவியர் வரைந்த அதே முகம் அச்சுமையில் திரும்ப எழுகிறது.

இந்தக் கட்டத்துக்குப் பிறகு ஜாடை என்ற பேச்சுக்கு அர்த்தம் வேறாகிவிடுகிறது. இப்போது வருகிற முகம் ஆளைப்போல் இருக்கிறதா என்பதற்கு முன், கல்லில் வரைந்த முகத்தைப்போல் இருக்கிறதா என்பதே கேள்வி. ஓவியரும் அச்சுக்காரரும் ஒரே ஆளாக இல்லாத இடங்களில், அந்தக் கன்னத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர் பெயரையும் படத்தின் அடியில் போட்டார்கள். ரோலரை மெதுவாக உருட்டினால் மை இறங்கும், வேகமாக உருட்டினால் மிகை மையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு வித்தையில் ஒரே கல்லிலிருந்து பத்து விதமான முகத்தை எடுக்க முடியும். ஈரம் காய விட்டால் வெற்றிடத்திலும் மை பிடித்துக்கொள்ளும். ஈரம் கூடினால் மைக்குள் தண்ணீர் புகுந்து கறுப்பு வெளிறும். கோடையில் மை தளர்ந்தால் மெக்னீசியம் கார்பனேட் சேர்த்து இறுக்க வேண்டும். காகிதத்தைக் கல்லோடு அழுத்தும் பலகையின் தோலில் ஒரு சிறு வெட்டு இருந்தாலும் எல்லாப் பிரதியிலும் ஒரே இடத்தில் வெள்ளை வரி ஓடும். பழைய படம் ஒன்றில் முகத்தின் குறுக்கே நேர்க்கோடாக வெளிறல் இருந்தால் மடிப்பு என்று நினைக்க வேண்டாம். இதுவாகவும் இருக்கலாம்.

எதைப் பார்ப்பது

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். ஆஃப்செட் அச்சகம் எதிலும் மேசைமேல் கிடக்கும். கன்னத்தில் வையுங்கள். ஒரே இடைவெளியில் வரிசை கட்டிய புள்ளிகள் தெரிந்தால் அது ஸ்கிரீன் வைத்து எடுத்த ஆஃப்செட் மறுபதிப்பு. புள்ளிகள் ஒழுங்கில்லாமல், ஒன்றுக்கொன்று வடிவம் மாறி, கையின் ஓட்டத்துக்கு ஏற்ப நெருங்கியும் விலகியும் நின்றால் அது கல்லின் சொரசொரப்பு. புழு நெளிந்ததுபோல் பொடிச் சுருக்கங்கள் தெரிந்தால் அது கொலோடைப் என்ற புகைப்பட அச்சு. கல்லச்சு என்று ஏமாற வைப்பதில் இதுவே முதலிடம். கன்னம் முழுக்கக் கோடுகளாக இருந்து, படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் இருந்தால் செப்புத் தகட்டு வேலை. நம் வீட்டுப் பூஜையறைகளில் தொங்கிய ரவிவர்மா அச்சகத்துப் படங்களிலும், 1894ல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அது, நிறத்துக்கு ஒரு கல் என்று பல கற்கள். சரஸ்வதியின் கன்னத்தில் லென்ஸை வைத்தால், அச்சகத்துக் கைகாரர் பேனாவால் குத்திக் குத்தி வைத்த இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியும். எண்ண முடியாத அளவுக்கு.

நுட்பம் தெரிந்த பிறகு வடிவத்துக்கு வரலாம். வியன்னாவின் யோசஃப் கிரீஹூபர் ஏறக்குறைய 3000 முகங்களைக் கல்லில் வரைந்தவர். முகத்தை முழுமையாக முடிப்பார். மேலங்கிக்கு வரும்போது கை தளரும். மார்புக்குக் கீழே நான்கு கோடுகளில் காகிதத்தோடு கரைத்துவிடுவார். இந்தத் தளர்வு அலட்சியம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு முடித்தால் பார்க்கிறவர் கண் பொத்தானில் போய் உட்கார்ந்துவிடும். பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர் தோமியே அரசியல்வாதிகளின் தலைகளை முதலில் களிமண்ணில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கல்லுக்கு வந்தவர். 1834ல் வெளிவந்த சட்டமன்றப் படத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அத்தனை தலைகளிலும் எலும்பின் கனம் தெரிவது அதனால்தான். அவர் படங்களில் நாளிதழில் வந்த பிரதியும், தனித்தாளில் இழுத்த பிரதியும் உண்டு. நாளிதழ்ப் பிரதியில் பின்பக்க எழுத்து கன்னத்தில் ஊடுருவித் தெரியும். தனித்தாளில் அதே கன்னத்தைப் பார்த்தால் வேறு படம்போல் இருக்கும்.

பிரெஞ்சு ஓவியர் யூஜின் கேரியேர் 1896ல் கவிஞர் வெர்லேனை வரைந்தது இதற்கு நேர் எதிர்வழி. இருட்டை முதலில் வைத்து, அதிலிருந்து முகத்தைச் சுரண்டி எடுக்கும் வழி. சுரண்டிய இடத்தில் கல்லின் சொரசொரப்பு போய்விடும். மறுபடி கிரேயான் பிடிக்காது. ஆக, வெளிச்சம் வைத்த ஒவ்வோர் இடமும் திரும்பிப் போக முடியாத முடிவு. நார்வே ஓவியர் மூங்கின் 1895 சுயமுகத்தில் டூஷின் கறுப்பில் முகம் தனியாக மிதக்கிறது, கீழே எலும்புக் கை. ஜெர்மன் ஓவியர் கெத்தே கோல்விட்ஸின் 1934, 1938 சுயமுகங்களில் கிரேயானின் கூர்முனையே இல்லை. அதைப் படுக்க வைத்து இழுத்த பட்டைகளில் கன்னம் தொங்குகிறது, கண் களைக்கிறது. கிரீஹூபர் நூறு ஓட்டத்தில் அடைந்த நடுச்சாம்பலை அவர் ஒரே இழுப்பில் அடைகிறார். எந்தக் கல்லில், எவ்வளவு அழுத்தத்தில் அது வரும் என்று கை அறிந்திருந்தால் மட்டுமே முடிகிற இழுப்பு அது.

இந்த அறிவு சென்னைக்கு அந்நியம் இல்லை. அலெக்சாண்டர் ஹன்டர் 1850ல் தொடங்கிய கலைப் பள்ளிதான் பின்னால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கவின் கலைக் கல்லூரியாக நிற்கிறது. வடசென்னைப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்ப் படிக்கும் கல்லூரி. ஆண்டு இறுதிக் கண்காட்சிக்குப் போனால் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வெளியே வராமல், அச்சுப் படங்கள் தொங்கும் சுவர் முன்னால் லென்ஸோடு கொஞ்சம் நில்லுங்கள்.

பிரேம் கடைக்குத் திரும்பினால், கேட்க வேண்டியவை சில. ஓரத்தை வெட்ட வேண்டாம். கீழ்ஓரத்தில் இடது மூலையில் வரைந்தவர், வலது மூலையில் கல்லில் ஏற்றியவர் அல்லது அச்சிட்டவர் பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும். டெல், லித், இம்ப் என்ற சுருக்கங்கள் அவைதான். படத்துக்கு இருக்கும் ஒரே பிறப்புச் சான்று அது. மயில்துத்தம் கலந்த மைதாப் பசையால் அட்டையில் ஒட்ட வேண்டாம். மேல்ஓரத்தில் மட்டும் இரண்டு சிறு காகிதக் கீல்கள், கோதுமை ஸ்டார்ச் பசையில். கண்ணாடி படத்தைத் தொடாதபடி மவுன்ட் அட்டை இடையில் வேண்டும். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் காற்றில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்கும்போது, மை கண்ணாடியில் தங்கி, காகிதத்தில் கன்னம் மட்டும் உரிந்து நிற்கும். வெளிச்சுவரில் மாட்டுவதாக இருந்தால் பின்னால் நான்கு மூலையிலும் தக்கை வைத்துச் சுவரிலிருந்து விலக்கி வையுங்கள்.

கல்லுக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பிரதி இழுத்ததும் மறுபடி 80ஆம் எண் தூள், தண்ணீர், எட்டு எட்டாகச் சுழலும் இரும்புத் தட்டு. முகம் சாம்பல் சேறாகி ஓரத்தில் வழியும். ஈரக் கல்லில் ஒன்றும் தெரியாது. அவசரப்பட்டு அரைப்பதை முன்கூட்டியே நிறுத்திவிட்டால், இறங்கிய கொழுப்பில் ஒரு பங்கு கல்லுக்குள்ளேயே தங்கியிருக்கும். அடுத்த மாதம் அதே கல்லில் வேறொரு பெண்மணியின் முகத்தை வரைந்து, அமிலம் போட்டு, டர்பன்டைனில் கழுவி, ரோலரை உருட்டும்போது, அவர் கன்னத்துக்கு அடியிலிருந்து போன மாதத்துக் கிழவரின் மீசை மெல்ல எழும். அச்சுக்காரர் ரோலரைக் கீழே வைத்துவிட்டு, தூள் டப்பாவைத் தேடிப் போவார்.